வேட்டைக்காரர் திறந்து வைத்த கதவு - ஸ்லிம்பிரிட்ஜ் ஈரநிலத்தின் கதை

1912 மார்ச் மாதம். அண்டார்டிகாவின் பனிவெளியில் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே பசியிலும் குளிரிலும் செத்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர், மனைவிக்குக் கடைசிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட். தென் துருவத்தை முதலில் தொடும் போட்டியில் நார்வேக்காரர் அமுண்ட்சென்னிடம் ஒரு மாத வித்தியாசத்தில் தோற்றுவிட்டுத் திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டவர்.

அந்தக் கடிதத்தில் தன் ஒரே மகனைப் பற்றியும் எழுதினார். முடிந்தால் பையனுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் வரும்படி செய், விளையாட்டுகளைவிட அது நல்லது என்பது அதன் சாரம். பையனுக்கு அப்போது இரண்டரை வயது. அப்பாவின் முகம்கூட அவனுக்கு நினைவில் நின்றிருக்காது.

அந்தப் பையன்தான் பீட்டர் ஸ்காட். இங்கிலாந்தில் ஈரநிலங்களைக் காப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கி, பொதுமக்களை அதன் உள்ளே கூப்பிட்டவர். இத்தனைக்கும் அவருடைய ஆரம்பம் பறவைகளைச் சுடுவதில்தான்!

சுட்டவரும் வரைந்தவரும் ஒருவரே

பீட்டர் 1909ல் பிறந்தார். அம்மா கேத்லீன் புகழ்பெற்ற சிற்பி. ஞானத்தந்தை, 'பீட்டர் பேன்' நாடகத்தை எழுதிய ஜே.எம்.பேரி. அந்த நாடகத்தின் நாயகன் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள்.

அப்பாவின் ஆசைப்படியே பையனுக்கு இயற்கையில் ஆர்வம் வந்தது. ஆனால் வந்த விதம்தான் வேறு. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் விடியற்காலை இருட்டில் எழுந்து, கடலோரச் சேற்று வெளிகளில் குளிரில் படுத்துக் கிடந்து, பறந்து வரும் காட்டு வாத்துகளைச் சுடுவது அவருக்குப் பைத்தியமாகவே இருந்தது. தட்டையான படகில் பொருத்திய பெரிய துப்பாக்கியால் ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்தும் வேட்டை அது. சுட்டுவிட்டு வந்து அதே வாத்துகளை ஓவியமாக வரைவார். படங்கள் நன்றாக விற்றன. ஒரு பறவை எப்படிச் சிறகை மடக்குகிறது, கூட்டம் எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் அவர் கைக்கு வந்தது வேட்டையில் கிடைத்த பார்வையால்தான்.

1933ல் நீன் என்ற ஆற்றின் முகத்துவாரத்தில் கைவிடப்பட்ட ஒரு கலங்கரை விளக்கத்தைப் பிடித்துக் குடியேறினார். அங்கேதான் உயிருள்ள வாத்துகளை வளர்க்கத் தொடங்கினார். (ஆங்கிலத்தில் எழுதினால் அந்த ஆற்றின் பெயரும், பின்னால் அவரைப் புகழடையச் செய்த ஹவாய் வாத்தின் பெயரும் ஒரே எழுத்துகள்! அந்தக் கதை பிறகு.) 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். விளையாட்டைவிட இயற்கை மேல் என்று அப்பா எழுதிவிட்டுப் போனால், பிள்ளை இரண்டையுமே விடவில்லை.

காயம்பட்டு, யாரும் நெருங்க முடியாத சேற்றுத் திட்டில் உயிரோடு கிடந்த ஒரு பெருவாத்தைப் பார்த்தது அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அன்றே துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டார் என்றெல்லாம் கதை கட்ட முடியாது. அது மெதுவாக நடந்த மாற்றம். வேட்டையை அடியோடு விட்டபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

ஒரு பதுங்கு அறையின் சந்துக்குள்ளிருந்து

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய ஸ்காட், 1945 தேர்தலில் நின்று கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது!

அதே ஆண்டு டிசம்பரில் க்ளூஸ்டர்ஷயர் மாவட்டத்தில், செவர்ன் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஸ்லிம்பிரிட்ஜ் கிராமத்துக்குப் போனார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான வெண்நெற்றிப் பெருவாத்துகள் அங்கே வந்து இறங்கும். பெருவாத்து என்றால் ஆங்கிலத்தில் 'கூஸ்' எனப்படும், வாத்தைவிடப் பெரிய, கழுத்து நீண்ட பறவை. போர்க்காலத்தில் எதிரிகளைச் சுடுவதற்காகக் கட்டிய ஒரு கான்கிரீட் பதுங்கு அறையின் சந்து வழியாக அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். அதற்குள் மிக அரிதான இன்னொரு வகை, குட்டி வெண்நெற்றிப் பெருவாத்து, கலந்திருப்பதையும் கண்டுபிடித்தார்.

துப்பாக்கி நீட்டக் கட்டிய சந்து, பறவை பார்க்கும் ஜன்னலானது. அங்கேயே அவர் முடிவு செய்துவிட்டார். 1946 நவம்பர் 10 அன்று செவர்ன் காட்டு வாத்து அறக்கட்டளை தொடங்கியது. இன்று அதன் பெயர் 'வைல்ட்ஃபவுல் அண்ட் வெட்லேண்ட்ஸ் டிரஸ்ட்', சுருக்கமாக டபிள்யூ.டபிள்யூ.டி.

இதில் புதுமை என்ன? பறவைகளைச் சேகரித்து வளர்ப்பது அங்கே புதிதல்ல. பெரிய நிலச்சுவான்தார்கள் தங்கள் மாளிகைக் குளங்களில் உலகின் பல மூலைகளிலிருந்து வாத்துகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆனால் அதைப் பார்க்க அவர்களுடைய விருந்தாளியாக இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் விஞ்ஞானிகள். அவர்களுக்கோ ஆராய்ச்சி செய்யும் இடத்தில் கூட்டம் ஆகாது. ஸ்காட் இரண்டையும் ஒரே வேலிக்குள் சேர்த்தார். ஒரு பக்கம் உலகின் பல நாட்டு வாத்துகள் சிறகு கத்தரிக்கப்பட்டு, மனிதர் கையில் தானியம் தின்னும். இன்னொரு பக்கம் காட்டுப் பறவைகள் சுதந்திரமாக வந்து போகும். அவற்றை மறைவிடங்களில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்க்கலாம். டிக்கெட் காசும் உறுப்பினர் சந்தாவும் ஆராய்ச்சிக்குப் போகும். கையில் தானியம் வாங்கித் தின்ற வாத்தை ஒரு குழந்தை மறக்காது, வளர்ந்த பிறகு அது வாழும் சதுப்பு நிலத்தில் மண் கொட்ட விடாது என்பதுதான் அவருடைய கணக்கு.

தொலைக்காட்சியும் கைகொடுத்தது. 1953ல் ஸ்லிம்பிரிட்ஜிலிருந்து பி.பி.சி. நேரடி ஒளிபரப்பு செய்தது. 1955லிருந்து 'லுக்' என்ற நிகழ்ச்சியை ஸ்காட் நடத்தினார். ஸ்லிம்பிரிட்ஜுக்கு வரமுடியாதவர்களின் வீட்டுக்கே வாத்துகள் போய்விட்டன.

முப்பதே முப்பது

ஸ்லிம்பிரிட்ஜின் பெயரை உலகம் அறியச் செய்தது நேனே. ஹவாய்த் தீவுகளில் மட்டுமே வாழும் பெருவாத்து. எரிமலைக் குழம்பு இறுகிய சரிவுகளில் நடந்து நடந்து, அதன் கால் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வே குறைந்துவிட்டது. 1778ல் கேப்டன் குக் ஹவாய்க்கு வந்தபோது 25,000 நேனேக்கள் இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பிறகு துப்பாக்கி வந்தது. நாய், பூனை, எலி வந்தன. கரும்புத் தோட்டங்களில் எலியைப் பிடிப்பதற்காக 1883ல் கீரிகளைக் கொண்டுவந்தார்கள். (நம்ம ஊர்க் கீரிதான். இந்தியாவிலிருந்து ஜமைக்கா போய், அங்கிருந்து ஹவாய் போனது.) கீரிக்குத் தரையில் கூடு கட்டும் வாத்தின் முட்டையைவிடச் சுலபமான சாப்பாடு உண்டா? 1950களின் தொடக்கத்தில் மிஞ்சியவை ஏறக்குறைய முப்பது. ஹவாய் நில உரிமையாளர் ஹெர்பர்ட் ஷிப்மன் தன் வீட்டில் ஒரு சிறு கூட்டத்தை வளர்த்துவந்தார். 1946 சுனாமியில் அதிலும் பெரும்பகுதி போய்விட்டது.

1950ல் ஸ்லிம்பிரிட்ஜின் பறவைப் பொறுப்பாளர் ஜான் யேலண்ட் ஹவாய் போய், ஷிப்மனிடமிருந்து இரண்டு நேனேக்களை வாங்கி வந்தார். ஜோடி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் இரண்டுமே கூடு கட்டின. இரண்டுமே முட்டையிட்டன! இரண்டும் பெண். அவசரமாகத் தந்தி பறந்தது, ஒரு ஆண் வேண்டும் என்று. ஆண் வந்து சேர்ந்தது. ஹவாயின் முதல் மன்னன் பெயரை, கமேஹமேஹா என்று, அதற்கு வைத்தார்கள். 1952ல் ஸ்லிம்பிரிட்ஜில் முதல் நேனே குஞ்சுகள் பொரிந்தன.

பத்தே ஆண்டுகளில் வண்டி எதிர்த்திசையில் ஓடியது. 1962ல் ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த 30 நேனேக்கள் ஹவாய்க்கே திரும்பின. மாவி தீவில் ஹலேயகலா எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி போகாது. சாரணர் இயக்கச் சிறுவர்கள் பெட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கூண்டில் வளர்த்து, அழிந்துபோன இடத்தில் மீண்டும் விடுவது என்ற முறைக்கு உலகம் முழுக்க அது ஒரு பாடமாக ஆனது.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகியதால் ஸ்லிம்பிரிட்ஜ் கூட்டத்தில் கரு கூடாத முட்டைகள் அதிகமாயின. ஹவாயில் விட்ட பறவைகளிலும் பல தாக்குப்பிடிக்கவில்லை. உயரமான சரிவுகளில் சத்தான தீனி குறைவு. கீரி அங்கேயேதான் இருந்தது. பின்னாளில் நேனே நன்றாகப் பெருகியது எந்தத் தீவில் தெரியுமா? கீரி குடியேறாத கவாய் தீவில்! பறவையை எத்தனை முறை வளர்த்து விட்டாலும், அது வாழும் இடம் சரியில்லையென்றால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். பல பத்தாண்டுகள் ஹவாய்க்காரர்கள் விடாமல் செய்த வேலையால் எண்ணிக்கை 2,800ஐத் தாண்டியது. 2019 டிசம்பரில் அமெரிக்க அரசு நேனேயை 'அழியும் நிலை' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே, 'ஆபத்து உள்ளது' என்ற பட்டியலுக்கு மாற்றியது.

முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்

1964 குளிர்காலத்தில் ஸ்காட்டின் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்த குளத்தில் பியூவிக் அன்னங்கள் வந்து இறங்கின. ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி மேற்கே வரும் வெள்ளை அன்னங்கள் இவை. ஓவியர் கண் சும்மா இருக்குமா? ஒவ்வொரு அன்னத்தின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் கலந்த வடிவம் வேறு வேறாக இருப்பதைக் கவனித்தார். மனிதனின் கைரேகை மாதிரி. குடும்பமே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எது யாருடன் ஜோடி சேர்ந்தது, எது குஞ்சோடு வந்தது, எது இந்த ஆண்டு வரவில்லை என்று பதிவேடு வளர்ந்தது. தலைமுறைகள் தாண்டி இன்றும் அது தொடர்கிறது.

இந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. 'சில ஆயிரம் அன்னங்கள் வந்தன' என்ற செய்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 'போன வருடம் வந்த இன்னார் இந்த வருடம் தனியாக வந்திருக்கிறது' என்றால் நின்று கேட்போம். பார்வையாளர்கள் மாலையில் விளக்கு வெளிச்சத்தில் அன்னங்களுக்குத் தீனி போடுவதைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சியும் காத்திருந்தது. 1970களில் பிடித்து எக்ஸ்ரே எடுத்த அன்னங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றின் உடலில் ஈயக் குண்டுகள் இருந்தன. சட்டப்படி சுடவே கூடாத பறவை அது!

கணக்கின் மறுபக்கம்

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரியும், வரவை மட்டும் எழுதினால் ஐந்தொகை சரிவராது. ஸ்லிம்பிரிட்ஜின் செலவுப் பக்கத்திலும் ஒரு பெரிய பதிவு இருக்கிறது.

1948ல் வட அமெரிக்காவிலிருந்து ரடி வாத்து என்ற சிறிய, செம்பழுப்பு நிற வாத்துகள் சிலவற்றைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகு. நீல அலகு. பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனது. பறவைகள் பறந்துபோகாமல் இருக்கக் குஞ்சிலேயே சிறகு நுனியைக் கத்தரிப்பது வழக்கம். ரடி வாத்துக் குஞ்சுகள் தண்ணீருக்குள் முங்கி முங்கித் தப்பித்தன. 1950களில் தொடங்கி எழுபது வரை வெளியே போயிருக்கலாம். யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாட்டின் குளங்களுக்கு ஒரு புது அழகு என்றுகூடச் சிலர் மகிழ்ந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் ரடி வாத்துகள் ஏறக்குறைய 6,000 இருந்தன.

இதே காலத்தில் ஸ்பெயினில் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே வெண்தலை வாத்து 1977ல் வெறும் 22 ஆகக் குறைந்திருந்தது. வேட்டையைத் தடுத்து, குளங்களைக் காத்து, அதை இரண்டாயிரத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். அப்போது வடக்கிலிருந்து ரடி வாத்துகள் வந்து சேர்ந்தன. இரண்டும் நெருங்கிய இனம், கலந்து குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளும் மலடு அல்ல. அப்படியே விட்டால் வெண்தலை வாத்து என்ற இனமே கரைந்துபோகும்.

முடிவு கசப்பானது. 2005ல் பிரிட்டிஷ் அரசு ரடி வாத்துகளை முற்றாகச் சுட்டு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பறவை ஆர்வலர்கள் பலர் கொதித்தார்கள். தங்கள் ஏரிக்குள் விடமாட்டோம் என்றவர்களும் உண்டு. அந்த வாத்துகள் செய்த குற்றம் என்ன? ஆனால் டபிள்யூ.டபிள்யூ.டி.யே ஒழிப்பின் பக்கம் நின்றது, அதற்கான ஆராய்ச்சியிலும் பங்கெடுத்தது. 2014 வாக்கில் ஆயிரக்கணக்கில் இருந்தவை நூறுக்கும் கீழே வந்துவிட்டன. சுடுவதை விட்டவர் தொடங்கிய இடத்திலிருந்து தப்பிய பறவைகளுக்காக மீண்டும் துப்பாக்கி எடுக்கப்பட்டது. 1989ல் காலமான ஸ்காட் இதைப் பார்க்க இல்லை.

ஒரே ஆள், ஒரே வேலி, ஒரே நல்லெண்ணம். அதிலிருந்து ஒரு பறவை இனம் பிழைத்தது, இன்னொன்று கரைந்துபோகும் அபாயத்துக்கு உள்ளானது. மக்களைப் பறவைகளுக்கு அருகில் கொண்டுவருவது நல்லதுதான். ஆனால் எந்தப் பறவையை, எங்கிருந்து, எவ்வளவு அருகில் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் விலை எங்கோ தூரத்தில், வேறு யாரோ கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாம்பல் அங்கி போட்ட வளர்ப்புத் தாய்கள்

அந்தப் பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. கிரேன் எனப்படும் பெருங்கொக்கு இங்கிலாந்தில் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போன பறவை. வேட்டை ஒரு காரணம், சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியது இன்னொரு காரணம். வேறொரு பகுதியில் சில கொக்குகள் தாமாகவே திரும்பியிருந்தன என்றாலும் மேற்கு இங்கிலாந்து காலியாகவே இருந்தது. 2010லிருந்து 2014 வரை ஜெர்மனியிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து ஸ்லிம்பிரிட்ஜில் பொரித்து, 93 கொக்குகளை சாமர்செட் சதுப்பு வெளியில் விட்டார்கள்.

இம்முறை அந்தக் குஞ்சுகள் மனித முகத்தையே பார்க்கவில்லை. வளர்த்தவர்கள் தலை முதல் கால் வரை மறைக்கும் சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொண்டு, கொக்கின் தலை போன்ற ஒரு கருவியால் தீனி ஊட்டினார்கள். பேசவும் கூடாது. நேனேயைக் கையில் தீனி தின்ன வைத்த அதே ஊரில், கொக்குக்கு மனிதன் இருப்பதே தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள். மேலும் இது வெளிநாட்டு அழகுப் பறவை அல்ல. அந்த மண்ணில் இருந்து தொலைந்த பறவை.

லண்டனில் நடந்ததும் இதே வழிதான். பார்ன்ஸ் பகுதியில் பயனற்றுப்போன நான்கு பழைய குடிநீர்த் தேக்கங்கள் இருந்தன. கான்கிரீட் கரைகளை உடைத்து, ஆழத்தைக் குறைத்து, நாணல் நட்டு, 42 ஹெக்டேரில் ஈரநிலமாக்கி, 2000ஆம் ஆண்டு மே மாதம் மக்களுக்குத் திறந்தார்கள். நிலத்தின் ஒரு பகுதியில் வீடு கட்டி விற்ற பணம்தான் முக்கிய முதலீடு. பேருந்தில் போய் இறங்கினால் காட்டு வாத்து! நடுநகரத்தில் ஈரநிலம் என்றால் நிரப்பிக் கட்டடம் கட்டுவதற்கு என்றே பழகிய கண்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும்.

ராம்சர் வரை

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. பிப்ரவரி 2ஐ உலக ஈரநில நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். அந்த ஒப்பந்த வாசகத்தைத் தீட்டியதில் பெரும் பங்கு ஸ்லிம்பிரிட்ஜின் ஆராய்ச்சி இயக்குநர் ஜெஃப்ரி மாத்யூஸுக்கு உண்டு. இந்தியா 1982ல் அதில் சேர்ந்தது. 2002ல் கோடியக்கரை தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமானது. அடுத்ததற்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022ல் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை உள்பட பல இடங்கள் சேர்ந்தன. குப்பை கொட்டும் இடமாகவே பலருக்குத் தெரிந்த பள்ளிக்கரணைக்கும், செவர்ன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

டபிள்யூ.டபிள்யூ.டி.க்கு இன்று பிரிட்டனில் பத்து மையங்கள். ஸ்காட்டின் வீட்டு ஜன்னல் ஸ்லிம்பிரிட்ஜில் இன்னும் இருக்கிறது. எதிரே அதே குளம். ஆனால் வரும் அன்னங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வடமேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பியூவிக் அன்னங்கள் 1995ல் சுமார் 29,000. 2010ல் சுமார் 18,000. குளிர்காலம் வெதுவெதுப்பாவதால் சில அன்னங்கள் பிரிட்டன் வரை வராமல் வழியிலேயே தங்கிவிடுகின்றன. வராத அன்னத்துக்கு ஜன்னலும் விளக்கும் என்ன செய்ய முடியும்?

ஒன்று செய்யலாம். இது வரவில்லை என்று பெயர் சொல்லிக் கவலைப்பட ஆட்களை உண்டாக்கி வைக்கலாம். ஸ்காட் செய்தது அதைத்தான். காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற, முதலில் அவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்லிம்பிரிட்ஜ். இரண்டாவதை அந்த ஊரே தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது.